முதல் கேமிங் பிசிக்கு எந்த மதர்போர்டு?

கேள்வி இதுதான்: ஒருவர் முதல் தடவையாக ஒரு கேமிங் பிசியைத் தானே அசெம்பிள் செய்யப் போகிறார். பிராசசர் ரைசன் 5 7600, கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5060 என்று முடிவாகிவிட்டது. மானிட்டர் 1080பி. மதர்போர்டு மட்டும் பாக்கி. கடையில் 9 ஆயிரத்திலும் காட்டுகிறார்கள், 40 ஆயிரத்திலும் காட்டுகிறார்கள். விலை கூடினால் கேம் வேகமாக ஓடுமா, எதைப் பார்த்து எடுப்பது என்று கேட்கிறார்.

முதலில் வேகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓடாது. அதே 7600-ஐயும் அதே 5060-ஐயும் 13 ஆயிரம் ரூபாய் போர்டில் போட்டாலும் 40 ஆயிரம் ரூபாய் போர்டில் போட்டாலும், கேமில் கிடைக்கும் ஃபிரேம் எண்ணிக்கையில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வராது. கேமை ஓட்டுவது கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் ரேமும். போர்டு அவற்றுக்கு இடம் கொடுக்கிறது, மின்சாரம் கொடுக்கிறது, ஒன்றோடொன்று பேசப் பாதை கொடுக்கிறது. இந்த மூன்றையும் குறைவில்லாமல் கொடுக்கும் போர்டை எடுத்துவிட்டு, மிச்சப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். போர்டில் 20 ஆயிரம் அதிகம் செலவழித்தால் அது கேபினெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அதே 20 ஆயிரம் 5060-ஐ 16 ஜிபி 5060 டிஐ பக்கம் நகர்த்தினால் திரையில் தெரியும்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு இருப்பதிலேயே மலிவானதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடவும் வேண்டாம். கிராபிக்ஸ் கார்டைப் பின்னால் மாற்றுவது இரண்டு ஸ்க்ரூ வேலை. ரேம் மாற்றுவது அரை நிமிடம். போர்டை மாற்றுவது என்றால் மொத்தத்தையும் பிரித்து, கூலரைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்து, எல்லா ஒயரையும் பிடுங்கி மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். அதனால் போர்டை ஐந்து வருடத்துக்கு என்று நினைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பிராசசரை முடிவு செய்த அன்றே போர்டு விஷயத்தில் பாதி முடிவாகிவிட்டது. 7600 உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஏஎம்5. 2022 செப்டம்பரில் வந்தது. இது நல்ல தேர்வு என்று சொல்வதற்குக் காரணம் இதற்கு முந்தைய சாக்கெட்டின் கதை. 2017-ல் முதல் ரைசன் வந்தபோது பி350 சிப்செட் போர்டு வாங்கிய ஒருவர், போர்டுக்கான பயாஸ் (பிசி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் வந்திருந்தால், 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரை அதே போர்டில் போட்டு ஓட்ட முடிந்தது. ஐந்து வருடம் கழித்து, போர்டும் ரேமும் அப்படியே இருக்க, பிராசசரை மட்டும் மாற்றி கேமிங்கில் அன்றைய முன்வரிசைக்குப் போக முடிந்தது. ஏஎம்5-ஐயும் 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்றைக்கு 7600, இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு எக்ஸ்3டி பிராசசர் (கேமுக்கு உதவும் கூடுதல் கேஷ் நினைவகம் கொண்டது) என்ற வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. போர்டு எடுக்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த வழியைத்தான்.

இன்டெல் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14 என்று மூன்று தலைமுறையோடு நின்றுவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851 என்று புது சாக்கெட். ஐ5 12400எஃப் இன்றைக்கும் மலிவான, கேமுக்குப் போதுமான பிராசசர்தான். பட்ஜெட் மிகவும் இறுக்கமாக இருந்தால், அல்லது பழைய டிடிஆர்4 ரேம் கையில் இருந்தால் அதில் தவறில்லை. 2025 கடைசியில் டிடிஆர்5 விலை கடுமையாக ஏறிய பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எல்ஜிஏ1700 போர்டுகள் டிடிஆர்4 ரகம், டிடிஆர்5 ரகம் என்று இரண்டாக வருகின்றன. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், கடைசியில் ஒரு டி4 மட்டும் ஒட்டியிருக்கும். ஒன்றின் ரேம் மற்றதில் உட்காராது, வெட்டு இருக்கும் இடமே வேறு. ஏஎம்5-ல் இந்தக் குழப்பம் கிடையாது, எல்லாமே டிடிஆர்5.

அடுத்தது சிப்செட், அதாவது போர்டில் என்னென்ன வசதி கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் சில்லு. ஏஎம்டி போர்டுகளில் ஏ என்று தொடங்கினால் அடிமட்டம், பி நடுவில், எக்ஸ் மேலே. ஏ620-ல் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) முடியாது, பி650-லும் அதற்கு மேலும் முடியும். 7600 வாங்கும் ஒருவருக்கு ஓவர்கிளாக் பெரிய விஷயமே இல்லை, அதைக் காட்டி விலை ஏற்ற விடாதீர்கள். எக்ஸ்870, எக்ஸ்870ஈ போர்டுகளில் அதிகம் கிடைப்பது யுஎஸ்பி4 போர்ட், இன்னும் சில எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்), வேகமான நெட்வொர்க் இவைதான். நான்கைந்து எஸ்எஸ்டி போட்டு வீடியோ எடிட்டிங் செய்கிறவருக்கு அவை வேண்டும். கேம் விளையாடுகிறவருக்கு வேண்டாம்.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது. 800 வரிசை புதியது, 600 வரிசை பழையது, அதனால் பி840 என்பது பி650-ஐ விட மேல் என்று யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. பி840-ல் பிராசசர் ஓவர்கிளாக் கிடையாது, சிப்செட் வழியாக வரும் பாதைகள் பிசிஐஇ 3.0 தான் (பிசிஐஇ என்பது கார்டும் எஸ்எஸ்டியும் பேசும் பாதை, எண் கூடினால் வேகம் கூடும்). குணத்தில் அது ஏ620-க்குப் பக்கத்து வீடு. பி650-க்கு நேரான புது வாரிசு பி850. ஆகவே உங்கள் தேடலை பி650, பி850 இரண்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எது விலை குறைவோ அதுவே போதும். பி850-ல் ஒரு எம்.2 ஸ்லாட்டாவது பிசிஐஇ 5.0 ஆக இருக்கும். அதற்காக மட்டும் அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

இனி மின்சாரம். போர்டுக்குப் போர்டு உண்மையான தர வித்தியாசம் இருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியது ஒரு வோல்ட்டும் சொச்சமும். இந்த இறக்கத்தைச் செய்யும் பகுதிக்கு விஆர்எம் என்று பெயர். பிராசசர் சாக்கெட்டுக்கு இடது பக்கமும் மேல் பக்கமும் வரிசையாக நிற்கும் சாம்பல் நிறக் கட்டிகளும் அவற்றின் பக்கத்தில் ஹீட்சிங் என்ற, சூட்டை இறக்கும் உலோகக் கட்டிக்குக் கீழே ஒளிந்திருக்கும் சின்னச் சில்லுகளும்தான் அது. 7600-ஐ 65 வாட் பிராசசர் என்று விற்றாலும் முழு வேலை செய்யும்போது 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. 88 வாட்டை 1.2 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். 70 ஆம்பியருக்கு மேல் வருகிறது. வீட்டில் ஓடும் ஒன்றரை டன் ஏசி இழுப்பது ஏழெட்டு ஆம்பியர். வோல்டேஜ் சிறியது என்பதால் மொத்த மின்சாரம் குறைவுதான், ஆனால் அத்தனை ஆம்பியரும் உள்ளங்கை அளவு இடத்தில், விநாடிக்குப் பல ஆயிரம் முறை ஏறி இறங்கும் தேவைக்கு ஏற்றபடி ஓட வேண்டும். அங்கே சூடு பிறக்கும்.

மலிவான போர்டுகளில் இந்த இடத்தில்தான் கை வைப்பார்கள். சில்லுகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும், மேலே ஹீட்சிங் இருக்காது, அல்லது பேருக்கு ஒரு தகடு இருக்கும். சூடு எல்லை தாண்டினால் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும். மதிய வெயிலில், ஏசி இல்லாத அறையில், ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு கேம் திக்கித் திக்கி ஓடினால் பலரும் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகிப்பார்கள். குற்றவாளி சில சமயம் விஆர்எம்மாக இருக்கும். 7600-க்கு இந்தக் கவலை குறைவு, எளிமையான பி650 போர்டே அதைத் தாங்கும். ஆனால் நாளைக்கு 120 வாட் என்று விற்கப்படும், 162 வாட் வரை இழுக்க அனுமதி உள்ள ஒரு பிராசசரை அதே போர்டில் போடப் போகிறீர்கள். அதனால் விஆர்எம் மீது இரண்டு பக்கமும் கனமான அலுமினிய ஹீட்சிங் இருக்கும் போர்டாகப் பாருங்கள். போட்டோவிலேயே தெரிந்துவிடும்.

பெட்டியில் 12+2+1 ஃபேஸ் (விஆர்எம் வேலையைப் பங்கு போடும் பிரிவுகள்) என்றெல்லாம் எழுதியிருக்கும். அந்த எண்ணை மட்டும் நம்பி இரண்டு போர்டை ஒப்பிட வேண்டாம். ஒரே கட்டுப்பாட்டின் கீழ் இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தும் எண்ணலாம், தனித்தனியாகவும் எண்ணலாம். ஒவ்வொரு சில்லும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது அந்த எண்ணில் இல்லை. போர்டின் பெயரைப் போட்டு, விஆர்எம் வெப்பநிலை அளந்த சோதனை ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதுதான் நம்பகமான வழி. கூடவே போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான பிராசசர் பட்டியல் இருக்கும். நீங்கள் நாளைக்கு வாங்க நினைக்கும் பிராசசரின் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இப்போது, முதல் தடவை அசெம்பிள் செய்பவருக்கு நான் எப்போதும் வற்புறுத்தும் ஒரு விஷயம். போர்டின் பின்பக்கத்தில், யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில், பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்க வேண்டும். ஏசஸ் அந்தப் பெயரிலேயே சொல்கிறது. எம்எஸ்ஐ போர்டுகளில் ஃபிளாஷ் பயாஸ் பட்டன், கிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ் பிளஸ்.

2022-ல் என் அத்தை மகனுக்கு ஒரு பிசி சேர்த்தோம். ரைசன் 5 5600, அதற்கு ஒரு பி450 போர்டு. சாயங்காலம் ஆரம்பித்து ஒன்பது மணிக்கு எல்லாம் பூட்டியாயிற்று. பவர் பட்டனை அழுத்தினோம். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. ரேமைக் கழற்றிப் போட்டோம். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிப் போட்டோம். கேபிளை மாற்றினோம். நள்ளிரவு வரை போராடிவிட்டு, கார்டு செத்துப்போய்விட்டது என்ற முடிவோடு அவன் படுக்கப் போனான். மாதக்கணக்காகச் சேர்த்த பணம், முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் போர்டைத் தூக்கிக்கொண்டு வாங்கிய கடைக்கே போனோம். அங்கிருந்த பையன் ஒரு பழைய ரைசன் 3-ஐ எடுத்துப் போட்டு, பென் டிரைவ் செருகி, பத்து நிமிடத்தில் பயாஸை அப்டேட் செய்து கொடுத்தான். கார்டில் ஒரு குறையும் இல்லை. போர்டு தயாரான காலத்தில் 5600 என்று ஒரு பிராசசரே கிடையாது. உள்ளே இருந்த பழைய பயாஸுக்கு அது என்ன என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்திருந்தால் அந்த இரவு வீணாகியிருக்காது. பிராசசரோ ரேமோ இல்லாமலேயே அது வேலை செய்யும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 24 பின் ஒயரையும் பிராசசருக்கான 8 பின் ஒயரையும் மட்டும் போர்டில் செருகினால் போதும். போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புது பயாஸை இறக்கி, ஃபேட்32-ல் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டு, கையேட்டில் சொன்ன பெயரை அந்த ஃபைலுக்கு வைத்து, அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி ஓட்டையில் செருகி, பட்டனை மூன்று விநாடி அழுத்த வேண்டும். விளக்கு கண் சிமிட்ட ஆரம்பிக்கும். சிமிட்டல் நிற்கும் வரை எதையும் தொடக் கூடாது.

உங்கள் 7600 பழைய பிராசசர் என்பதால் இந்தச் சிக்கல் வர வாய்ப்பு மிகக் குறைவு. கடைசி நேரத்தில் புதிய 9000 வரிசையின் 9600எக்ஸ் பக்கம் மனம் மாறி, கடையில் வெகுநாள் கிடந்த பி650 போர்டை எடுத்தால் வரலாம். அதற்குக் கடைக்காரரிடம் பெட்டியில் ரைசன் 9000 ரெடி என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் எந்தப் பிராசசராக இருந்தாலும் அந்தப் பட்டன் இன்னொரு வகையில் காப்பாற்றும். பயாஸ் அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காது. நம் ஊரில் அது நடக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த நிலையிலிருந்து போர்டை மீட்க வீட்டிலேயே இருக்கும் எளிய வழி இந்தப் பட்டன்.

பயாஸ் அப்டேட்டே வேண்டாம், ஓடுகிற வரை ஓடட்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் இரண்டு சம்பவங்களைச் சொல்வேன். 2023 ஏப்ரலில் சில 7800எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. பிராசசரின் ஒரு பகுதிக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் போனதுதான் பிரச்சினை. அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாமல் தடுத்தது பயாஸ் அப்டேட்தான். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் பல நிலைகுலைந்து கிராஷ் ஆனபோதும், ஆகஸ்டில் திருத்தம் வந்தது பயாஸ் வழியாகத்தான். அதனால் போர்டு எடுக்கும் முன் அந்த மாடலின் பக்கத்துக்குப் போய், கடைசி பயாஸ் எப்போது வெளியானது என்று பாருங்கள். வருடக்கணக்கில் ஒன்றுமே வராத மாடலைத் தவிர்த்துவிடுங்கள்.

ரேம் விஷயத்தில் பலரும் நான்கு ஸ்லாட் இருந்தால்தான் நல்ல போர்டு என்று நினைக்கிறார்கள். டிடிஆர்5-ல் இது அப்படி இல்லை. ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம், இரண்டு ரேம் போட்டால் 5200. நான்கு போட்டால் 3600. இப்போதைக்கு இரண்டு, பின்னால் இன்னும் இரண்டு என்று திட்டம் போட்டால் வேகம் விழும், சில சமயம் பிசி எழுந்திருக்கவே தகராறு செய்யும். 16 ஜிபி இரண்டு, மொத்தம் 32 என்று ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்கிவிட்டால் இரண்டு ஸ்லாட் போர்டே தாராளம். இப்போது 16 தான் முடியும் என்றால் 8 ஜிபி இரண்டாக எடுங்கள். ரேமுக்கான இரண்டு பாதையும் நிரம்பியிருப்பது இந்தப் பிராசசருக்கு முக்கியம். ஏஎம்5-க்குப் பொருத்தமான வேகம் 6000, அதில் சிஎல்30 (ரேமின் தாமத அளவு, குறைந்தால் நல்லது) கிடைத்தால் நல்லது. நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் போடுவதாக இருந்தால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். 5060 என்பது பிசிஐஇ 5.0 கார்டு, ஆனால் எட்டு பாதையில்தான் பேசும். பி650-ன் பிசிஐஇ 4.0 ஸ்லாட்டில் அதற்குக் குறை ஒன்றும் வராது. பிசிஐஇ 3.0 மட்டும் உள்ள பழைய பி450 போர்டுகளில் இப்படி எட்டு பாதைக் கார்டுகளைப் போடும்போதுதான் சில கேம்களில் இழப்பு தெரியும். பழைய போர்டு ஓசியில் கிடைக்கிறதே என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எம்.2 ஸ்லாட் இரண்டு இருக்கட்டும். இப்போது வரும் ஒரு பெரிய கேமே 100 ஜிபியைத் தாண்டுகிறது. ஒரு டெராபைட் எஸ்எஸ்டி ஒரு வருடத்தில் நிரம்பிவிடும், அப்போது இன்னொன்றைச் செருக இடம் வேண்டும். பிசிஐஇ 4.0 ஸ்லாட்டில் விநாடிக்கு 7 ஜிபி வரை படிக்க முடியும், கேமுக்கு அதற்கு மேல் தேவையில்லை. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2-ஐப் பயன்படுத்தினால் ஒரு சாட்டா போர்ட் செயலிழந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கைச் செருகிவிட்டு அது ஏன் தெரியவில்லை என்று தேடாமல் இருக்க, கையேட்டில் ஸ்லாட் பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்பைப் படித்துவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை மைக்ரோ ஏடிஎக்ஸ் எடுங்கள். 244க்கு 244 மி.மீ. ஒரு கிராபிக்ஸ் கார்டு, இரண்டு எஸ்எஸ்டி, இரண்டு ரேம் என்ற உங்கள் பிசிக்கு இதைவிடப் பெரிய போர்டில் காலி ஸ்லாட்டுகள்தான் அதிகம் கிடைக்கும். ஏடிஎக்ஸ் கேபினெட்டில் இது தாராளமாக உட்காரும், கொஞ்சம் காலி இடம் தெரியும், காற்றோட்டத்துக்கு நல்லதுதான். மினி ஐடிஎக்ஸ் பார்க்க அழகு. முதல் பிசிக்கு வேண்டாம். விலையும் கூட, கை நுழையவும் இடமில்லை. ஒயர் செருகும் இடங்களெல்லாம் போர்டின் பின்பக்கமாக இருக்கும் புது ரகங்களும் வந்திருக்கின்றன. அவற்றுக்குத் தனியாக ஓட்டைகள் வெட்டிய கேபினெட் வேண்டும், தெரியாமல் எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். ரூட்டர் வேறு அறையில் இருந்தால் வைஃபை உள்ள ரகத்தை எடுங்கள், ஆயிரம் இரண்டாயிரம்தான் கூடும், புளூடூத்தும் சேர்ந்து வரும். கேபிள் இழுக்க முடிந்தால் அதுவும் வேண்டாம், கேமுக்குக் கேபிள்தான் என்றைக்கும் நம்பகம். 2.5 ஜிபி நெட்வொர்க் போர்ட் என்பதெல்லாம் வீட்டு இன்டர்நெட் 100, 200 எம்பிபிஎஸ் ஆக இருக்கும்போது கணக்கில் வராது. ஒலிச் சில்லும் அப்படித்தான். யுஎஸ்பி ஹெட்செட் வைத்திருந்தால் போர்டின் ஒலிச் சில்லை நீங்கள் தொடப்போவதே இல்லை.

பின்பக்க யுஎஸ்பியை மட்டும் விரல் விட்டு எண்ணுங்கள். கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், கன்ட்ரோலர், வெப்கேம் என்றால் ஐந்து போய்விட்டது. ஆறாவது இருந்தால்தான் பென் டிரைவுக்கு இடம். கேபினெட்டின் முன்பக்கத்தில் டைப்-சி ஓட்டை இருந்தால், அதைச் செருகுவதற்கான இடம் போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான போர்டுகளில் இருக்காது, முன்பக்க ஓட்டை அலங்காரமாக நிற்கும். பிராசசர் ஃபேனைத் தவிர்த்து கேபினெட் ஃபேன்களுக்கு இரண்டு மூன்று இணைப்புகளாவது வேண்டும். வண்ண விளக்கு ஃபேன் வாங்கியிருந்தால் எச்சரிக்கை. 5 வோல்ட், மூன்று பின் என்பது ஒரு ரகம். 12 வோல்ட், நான்கு பின் என்பது வேறு ரகம். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் வலுக்கட்டாயமாகச் செருகினால் விளக்கு செத்துவிடும்.

போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதி நான்கு சின்ன விளக்குகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிசி எழுந்திருக்காதபோது எந்த இடத்தில் நிற்கிறது என்று அவை சொல்லும். அத்தை மகன் பிசியில் அந்த விளக்குகளும் இல்லை. சிபியு விளக்கு எரிந்திருந்தால் ரேமையும் கார்டையும் நாங்கள் அத்தனை தடவை கழற்றியிருக்க மாட்டோம்.

எல்லாவற்றையும் உங்கள் கேள்வியில் வைத்துப் பார்த்தால்: மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவில் பி650 அல்லது பி850, இரண்டு பக்கமும் ஹீட்சிங் போட்ட விஆர்எம், இரண்டு எம்.2, ஃபிளாஷ்பேக் பட்டன், நான்கு விளக்குகள், தேவையிருந்தால் வைஃபை. 13-லிருந்து 18 ஆயிரத்துக்குள் தேடுங்கள். ஏசஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், ஏஎஸ்ராக் நான்கிலும் இப்படிப் போர்டுகள் இருக்கின்றன. பிராண்டை வைத்துச் சண்டை போட ஒன்றுமில்லை. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ யாருக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று பாருங்கள், எனக்கு அது பிராண்டை விடப் பெரிய காரணம். பெரும்பாலான போர்டுகளுக்கு மூன்று வருட வாரண்டி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பில்லில் போர்டின் சீரியல் நம்பர் இருக்கட்டும். பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாங்கும் இடத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஏஎம்5-ல் பின்கள் பிராசசரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. 1718 பின். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, நாற்று நட்ட வயல் மாதிரி வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்று வளைந்திருந்தாலும் ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யாமல் போகலாம், பிசியே எழாமல் போகலாம். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைக்காது. அதனால் கடையிலேயே மூடியைத் திறந்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஒளி எல்லாப் பின்னிலும் ஒரே மாதிரி மின்ன வேண்டும், ஓரிடத்தில் மட்டும் வேறு மாதிரி தெரிந்தால் அங்கே ஏதோ வளைந்திருக்கிறது. ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைத் திறப்பதிலிருந்து இதுவரை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பிராசசரைப் போடும்போது மூலையில் இருக்கும் முக்கோணக் குறிகளைப் பொருத்தி, அழுத்தாமல் அப்படியே வைத்தால் அது தானாக உட்காரும். லீவரை இறக்கும்போது மேலே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானே தெறித்து வரும். அதைத் தூக்கி எறியாதீர்கள். வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது அந்த மூடியைக் கேட்பார்கள்.

முதல் தடவை பவர் பட்டனை அழுத்திய பிறகு என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயந்துபோகும் இடம் அதுதான். ஏஎம்5 போர்டு புது ரேமைப் பார்த்ததும் அதோடு எந்த வேகத்தில், எந்த வோல்டேஜில் பேசலாம் என்று தானே சோதித்துப் பார்க்கும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். போன வருடம் அக்கா மகன் அவன் பிசியை முதல் முறை ஆன் செய்தபோது திரை கறுப்பாகவே இருந்தது, டிராம் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் பொறுத்தான். அடுத்த நிமிடம் கை பவர் பட்டனுக்குப் போனது. கையை எடு, தண்ணீர் குடித்துவிட்டு வா என்றேன். நான்காவது நிமிடத்தில் லோகோ வந்தது. நீங்களும் பத்து நிமிடம் வரை பொறுங்கள். பாதியில் அணைத்தால் சோதனை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

திரை வந்ததும் பயாஸுக்குள் போய் பதிப்பைப் பாருங்கள், பழையதாக இருந்தால் அப்டேட் செய்யுங்கள். பிறகு எக்ஸ்போ என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். அதைச் செய்யாவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆன் செய்ததும் மறுபடி சில நிமிடம் கறுப்புத் திரை வரும், அதற்கும் காத்திருங்கள். அதற்குப் பிறகு விண்டோஸ் போடலாம். 7600-க்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருப்பதால் மானிட்டர் கேபிளைப் போர்டின் எச்டிஎம்ஐ ஓட்டையில் செருகினாலும் படம் வந்துவிடும், ஆனால் 5060 சும்மா உட்கார்ந்திருக்கும். கேபிள் கீழே, கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா என்று குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டு முதல் கேமை இறக்குங்கள்.